கரிபூவுக்குத் தாய்வீடு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வடகிழக்கு மலைக்காட்டில், சினையாக இருக்கும் கரிபூ மான்களைப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு அழைத்துவருவதுபோல் அழைத்துவருகிறார்கள். பயணம் ஹெலிகாப்டரில். மார்ச் மாதப் பனியில் வலைவீசிப் பிடித்து, மலைமேல் வேலியிட்ட ஒரு பட்டிக்குள் விடுகிறார்கள்.

இதைச் செய்பவர்கள் வெஸ்ட் மோபர்லி, சோல்ட்டோ என்ற இரு பூர்வகுடிச் சமூகத்தார். கரிபூவின் இறைச்சியை உண்டு, தோலை உடுத்தி, தசைநாரை நூலாக்கித் தைத்த முன்னோரின் வாரிசுகள். 1899-இல் கையெழுத்தான எட்டாம் ஒப்பந்தம் அவர்களுக்கு வேட்டை உரிமையை உறுதி செய்தது. ஆனாலும் மந்தை மெலிவதைக் கண்டு, 1970-களில் கரிபூ வேட்டையைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

மந்தையை மெலியவைத்தது அவர்களுடைய வேட்டை அல்ல. 1968-இல் எழுந்த பென்னெட் அணையின் நீர்த்தேக்கம் மான்களின் வலசைப் பாதையை மூழ்கடித்தது. பிறகு மரவெட்டு, நிலக்கரிச் சுரங்கம், எரிவாயுக் கிணறு என வரிசையாக வந்தன. வெட்டிய காட்டில் இளந்தளிர் முளைக்கும். அதைத் தேடி மூஸ் மான் வரும். மூஸைத் தேடி ஓநாய் வரும். லாரிக்குப் போட்ட பாதையில் ஓநாய்க்கும் ஓட்டம் சுலபம். ஆண்டுக்கு ஒரே ஒரு கன்று ஈனும் கரிபூவால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. 2013-இல், இந்த மலைக்காட்டின் கிளின்ஸே-ஸா என்ற மந்தையில் எஞ்சியவை 38.

மறு ஆண்டே பட்டி எழுந்தது. ஓநாய் எட்டிப் பார்க்க முடியாதபடி உயரமான கறுப்புத் துணி வேலி, அதற்கு வெளியே மின்வேலி, இரவும் பகலும் காவல். குளிர்காலத்தில் கரிபூ பனியைக் குளம்பால் தோண்டித் தின்பது லைக்கன். பாறையிலும் முதுமரங்களிலும் படர்ந்து, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் உயிர் அது. அதை ஊர்மக்கள் கையால் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவந்து போடுவார்கள். மான்கள் பட்டிக்குப் பழகப் பழக, தீவனக் குருணையும் கலப்பார்கள். கன்றுகள் பிறந்து, கால் ஊன்றி ஓடத் தேறியபின், கோடையின் பிற்பகுதியில் கதவு திறக்கும்.

கூடவே ஓநாய்களையும் கொன்று குறைத்தார்கள். பலருக்கு உறுத்தும் செய்திதான். ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு நேராகாது. 2022-இல் மந்தை 114 ஆனது.

பட்டி வைத்தியம் தற்காலிகமே. லைக்கன் படர்ந்த முதுகாடு தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் 2020-இல் இரு சமூகங்களும் மத்திய, மாகாண அரசுகளோடு ஒப்பந்தம் செய்து, மான்களின் வாழிடத்தைக் காக்க முனைந்தன. வேட்டைக்குத் திரும்புவதும் அவர்களுடைய இலக்குதான். அதற்கு மந்தை இன்னும் பலமடங்கு பெருக வேண்டும்.