101 வோட்டும் 152 ஸ்தானமும்

தேர்தல் முடிவு என்பது ஒரு விசித்திரமான சரக்கு. பதினாயிரம், இருபதினாயிரம் வோட்டு வித்தியாசத்தில் வந்தால் ஊரார் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மயிரிழையில் வந்தாலோ, இரண்டு தலைமுறைக்குப் பேச விஷயம் அகப்பட்டுவிடுகிறது. 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் திண்டிவனத்தார் அத்தகைய முடிவு ஒன்றைக் கண்டார்கள். தி. மு. க. அபேட்சகர் சீதாபதி ஜயித்தார், அ. தி. மு. க. அபேட்சகர் ராஜேந்திரன் தோற்றார். இருவருக்கும் ஆளுக்கு 61,000-க்கு மேல் வோட்டுகள். நடுவே இருந்த வித்தியாசம் 101.

101 என்பது நம் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுதுகிற தொகை. அதை ஓர் அபேட்சகரின் ஜயத்துக்கு அளவாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இன்னும் சரியாகக் கணக்குப் போட்டால் 101 கூட வேண்டாம். 51 பேர் மனம் மாறிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 51 பேர் என்றால் ஒரு பஸ்ஸில் ஏறக்கூடிய ஜனம். இப்படிப்பட்ட தோல்வியைத் தோற்றவர்கள் ஒருபோதும் எதிரியின் பலத்தால் வந்த தோல்வியாக ஏற்றுக்கொள்வதில்லை. வெளியூர் போன மருமகன், மழைக்குப் பயந்த கிழவர், தகராறு செய்த பங்காளி என்று காரணங்களைத் தெருத் தெருவாகத் தேடுகிறார்கள். ஜயித்தவர்களுக்கோ, தாங்கள் கடைசி நாள் போய்க் கும்பிட்ட அந்த ஒரு தெருவினால்தான் ஜயம் என்று தோன்றுகிறது. இரு சாராரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதுதான் வேடிக்கை.

அதே தேர்தலில், பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் தென் கோடியிலே உள்ள காட்டுமன்னார்கோயிலில் ஸ்ரீ திருமாவளவன் 87 வோட்டில் தோற்றார். திருநெல்வேலிச் சீமையில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. இந்த ராதாபுரம் வழக்கு எங்களைப் போன்ற உபாத்தியாயர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டியது. அங்கே 203 தபால் வோட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். காரணம், அவற்றில் அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் கெஜடெட் அதிகாரிகள் அல்ல என்பது ஆட்சேபம். சென்னை ஹைக்கோர்ட்டு 2019-இல் அந்தக் கையெழுத்துச் செல்லும் என்று சொல்லி, மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணியும் ஆயிற்று. ஆனால் முடிவை வெளியிடக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்துவிட்டது. தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று அதற்கு முன்னால் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனினும் இந்த 101-ம், 87-ம், 49-ம் சேர்ந்துங்கூட ராஜ்யத்தை ஆள்வது யார் என்பதை மாற்றவில்லை. 2016-இல் ஆளுங்கட்சிக்குத் தெளிவான மெஜாரிட்டி கிடைத்துவிட்டது. ஓர் ஊரின் சொற்ப வோட்டுகள் கோட்டையின் சாவியையே கையில் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அது 1952. அந்தச் சாவியின் ஒரு பகுதி விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில்தான் இருந்தது.

1952 ஜனவரியில் நடந்தது சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தல். அதற்கு முந்திய 1946-ஆம் வருஷத் தேர்தலில் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தவர்களுக்குத்தான் வோட்டு. மல்லாட்டையும் நெல்லும் பயிரிடும் தென்னார்க்காட்டுச் சிறு குடியானவர்களிலும் கூலியாட்களிலும் மிகப் பெரும்பாலோர் சாவடிப் பக்கமே போனதில்லை. 1952-இலோ 21 வயதானவர்கள் அனைவருக்கும் வோட்டு. ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வோட்டுச் சீட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை, பிடித்த பெட்டியில் போட்டால் போதும். எழுத்து வாசனை இல்லாதவனும் ராஜாங்கத்தை மாற்றலாம் என்று ஏற்பட்டது அன்றுதான்.

அவன் மாற்றியும் காட்டினான். சென்னை ராஜ்யம் அப்போது ஆந்திரப் பகுதியும் மலையாளப் பகுதியும் அடங்கிய பெரிய ராஜ்யம். 309 தொகுதிகள், அவற்றுள் 66 இரட்டைத் தொகுதிகள், ஆக மொத்தம் 375 ஸ்தானங்கள். சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. மெஜாரிட்டிக்கு வேண்டியவை 188. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றார். ஸ்ரீ பக்தவத்சலம் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 பேர், பிரகாசம் அவர்களைத் தலைவராகக் கொண்ட கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியார் 35 பேர், சுயேச்சைகள் 62 பேர். இவர்களுக்கெல்லாம் நடுவே உழைப்பாளர் கட்சி என்ற ஒரு புதுக் கட்சி 19 பேருடன் சட்டசபைக்குள் வந்து நின்றது. அதன் தோழமைக் கட்சியான காமன்வீல் கட்சிக்கு 6 பேர்.

இந்த இரண்டு கட்சிகளும் எங்கிருந்து வந்தன? வட தமிழ் ஜில்லாக்களில் வன்னியகுல க்ஷத்திரிய சமூகத்தார் பெருந்தொகையினர். நிலத்தில் உழைப்பது அவர்கள். ஜில்லா போர்டிலும் சட்டசபையிலும் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள். 1949-இல் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் வன்னியர் சங்கம் தனியே நின்று 52 ஸ்தானங்களில் 22-ஐப் பிடித்தது. பிற்பாடு பொதுத் தேர்தல் நெருங்கியபோது காங்கிரஸ் தங்களுக்குப் போதிய இடம் அளிக்காது என்று கண்டு, கடலூர் ஸ்ரீ எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சி தென்னார்க்காட்டையும் சேலத்தையும் களமாக வைத்து உழைப்பாளர் கட்சியை அமைத்தார். ஸ்ரீ எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் வடார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் காமன்வீல் கட்சியை நடத்தினார். திண்டிவனம் லோக் சபைத் தொகுதியின் இரண்டு ஸ்தானங்களும் உழைப்பாளர் கட்சிக்கே போயின. விழுப்புரத்தை அடுத்த விக்கிரவாண்டியில் ஸ்ரீ ஏ. கோவிந்தசாமி அக்கட்சியின் பெயரால் சட்டசபைக்குச் சென்றார்.

இதில் ஒரு முரண் உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்தான், 1947 முதல் 1949 வரையில் இந்த ராஜதானிக்கே பிரதம மந்திரியாக இருந்த ராமசாமி ரெட்டியாரின் ஊர். தேவதாசி முறை ஒழிப்பும், ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்துக் காரியங்கள். அவரைப் பதவியிலிருந்து இறக்கியவர்கள் வோட்டர்கள் அல்ல. அவருடைய கட்சிச் சட்டசபை அங்கத்தினர்களேதான். யாரிடம் கட்சி இருக்கிறது என்ற சண்டையைக் காங்கிரஸ் உள்ளேயே நடத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில், வெளியே அதன் காலடி மண் நகர்ந்துகொண்டிருந்தது. சொந்தச் சீமையின் நேர்மையான மனிதர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய கட்சிக்கு மறு தேர்தலில் அந்தச் சீமை என்ன பதில் சொல்லும்?

முடிவுகள் வந்ததும் இரு பக்கத்திலும் பதற்றம். எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று கூடிப் பிரகாசத்தைத் தலைவராக்கின. எங்கள் கூட்டம் காங்கிரஸை விடப் பெரியது, எங்களைத்தான் கவர்னர் அழைக்க வேண்டும் என்றார்கள். காங்கிரஸ்காரர்களோ, தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டம் ஒரு கட்சியாகாது, தனிப் பெருங்கட்சி நாங்களே என்றார்கள். இப்படி ஜனவரி போய், பிப்ரவரி போய், மார்ச்சும் போயிற்று.

கடைசியில் காங்கிரஸ்காரர்கள் ராஜாஜியைத் தேடிப் போனார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஜெனரலாகவும், மத்திய உள்நாட்டு மந்திரியாகவும் இருந்துவிட்டு, 1951 இறுதியில் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்து உட்கார்ந்திருந்தவர், வயது 73. கவர்னர் ஸ்ரீ பிரகாசா அவரை மேல் சபைக்கு நியமன அங்கத்தினராக்கி, மந்திரிசபை அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ஆம் தேதி ராஜாஜி பதவி ஏற்றார். வோட்டர் முன் நிற்காமல் பின் வாசல் வழியாக வருவது நேருஜிக்கே உவப்பாயில்லை. கம்யூனிஸ்டுத் தலைவர் ஸ்ரீ பி. ராமமூர்த்தி ஹைக்கோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியாயிற்று.

சட்டப்படி கவர்னர் செய்தது செல்லும். 152 பேரை உடைய கட்சியை முதலில் அழைத்ததையும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். யாரையேனும் அழைத்துத்தானே ஆக வேண்டும்? சட்டசபையில் பலம் இல்லாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் வயது வந்தோர் வோட்டு என்ற பெரிய பரீட்சையைத் தேசம் முதன் முதலாக எழுதிய வருஷத்தில், பரீட்சைக்கே வராத ஒருவருக்கு முதல் ஸ்தானம் கொடுத்தது, அவர் எவ்வளவு பெரிய மேதையாயிருந்தாலும், இன்றைக்கும் உறுத்துகிறது. ஓர் இடைத் தேர்தலில் நின்றிருந்தால் ராஜாஜி ஜயித்திருக்கவும் கூடும்.

பலத்தைச் சேர்க்கும் வேலை பிறகு நடந்தது. மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். காமன்வீல் கட்சியின் 6 வோட்டு சர்க்கார் பக்கம் வந்தது. உழைப்பாளர் கட்சி மந்திரிசபைக்குள் போகவில்லை. சுயேச்சைகள் பலர் ஒருவர் பின் ஒருவராக மனம் திரும்பினார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது 1985-இல்தான் வந்தது. 1952-இல் அங்கத்தினர் ஒருவர் காலையில் ஒரு வரிசையிலும் மாலையில் இன்னொரு வரிசையிலும் அமர்ந்தால் கேட்பாரில்லை. ஜூன் மாதம் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து எடுத்தார். பல வருஷங்களாகத் தானியத்தை ஊர் விட்டு ஊர் கொண்டு போகச் சர்க்கார் அனுமதிக்குக் காத்திருந்த குடியானவனுக்கு, யார் மந்திரி என்பதைவிட அது பெரிய செய்தி. ஜூலை 3-ஆம் தேதி நம்பிக்கை வோட்டு எடுக்கப்பட்டது. சர்க்காருக்கு 200, எதிராக 151. ஜனவரியில் 152-ஆக இருந்தது ஆறு மாதத்தில் 200 ஆயிற்று; இடையில் எந்தப் பொதுத் தேர்தலும் நடக்கவில்லை.

இந்தச் சேர்ந்த பலம் எவ்வளவு மெல்லியது என்பது அடுத்த வருஷமே தெரிந்தது. பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற ஆரம்பக் கல்வித் திட்டத்தை ராஜாஜி 1953-இல் கொண்டுவந்தார். குலக் கல்வித் திட்டம் என்று எதிரிகள் அதற்குப் பெயர் சூட்டினார்கள்; அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. ஜூலை மாதம் திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற தீர்மானத்தின் மீது சட்டசபையில் வோட்டு எடுத்தபோது ஆதரவு 138, எதிர்ப்பு 138! தீர்மானம் நிறைவேறவில்லை. உடனே, திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டுமென்று இன்னொரு தீர்மானம் வந்தது. அது 139-க்கு 137 என்று நிறைவேறியது. உழுகிற வீட்டுப் பிள்ளை பிற்பகலிலும் பள்ளியில் உட்காரலாமா, அல்லது கொல்லைக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி இரண்டு வோட்டில் தொங்கியது. வோட்டுக்குச் சாவடியில் மட்டுமல்ல, சபைக்குள்ளும் எவ்வளவு கனம் உண்டு என்று எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேரும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்வது. மத்தியில் 1999-இல் வாஜ்பாய் சர்க்கார் 269-க்கு 270 என்று ஒரே வோட்டில் கவிழ்ந்ததைச் சொன்னால் அவர்கள் பிரமித்துப் போகிறார்கள். இந்த 138-ஐச் சொன்னால் தங்களைப் பற்றியது என்று உணர்கிறார்கள்.

1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. அங்கத்தினர் தொகையும் கணக்கும் மாறின. ஆனால் கல்வித் திட்டத்தின் கோபம் தணியவில்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, 13-ஆம் தேதி காமராஜ் முதல் மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. காமராஜின் மந்திரிசபையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டில் மாணிக்கவேலு நாயக்கர் ஒருவர். ராமசாமிப் படையாட்சி ஒருவர். 1952-க்கு முன் பெரும்பாலும் வோட்டே இல்லாதிருந்த ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு மந்திரிசபையில் நாலில் ஒரு பங்கு! கட்சி இரண்டும் பிறகு காங்கிரஸில் கரைந்தன.

அந்த வோட்டர்களுக்கு நடந்தது வெற்றியா, ஏமாற்றமா? 1952-இல் காங்கிரஸுக்கு எதிர்ப் பெட்டியில் சீட்டுப் போட்டவனின் பிரதிநிதி, இரண்டே வருஷத்தில் காங்கிரஸ் மந்திரி. காங்கிரஸை வேண்டாம் என்பதற்காக அவன் சீட்டுப் போட்டிருந்தால் அது ஏமாற்றம். தன்னைச் சேர்ந்தவர்களை இனிக் கேட்காமல் ராஜ்யம் நடத்தக் கூடாது என்பதற்காகப் போட்டிருந்தால், அவன் கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டாவதுதான் அவன் மனத்தில் முக்கியமாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் கட்சியைக் கரைக்குமுன் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எல்லோரும் கூடப் போய்விடவில்லை. விக்கிரவாண்டியில் ஜயித்த கோவிந்தசாமி காங்கிரஸில் நிலைகொள்ளாமல் வேறு வழியே நடந்தார். 1957-இல் வளவனூரில் சுயேச்சையாக நின்று சட்டசபைக்குப் போனார், பின்னர் தி. மு. க.வில் சேர்ந்தார். 1967-இல் காங்கிரஸ் தோற்று அண்ணாதுரை மந்திரிசபை அமைத்தபோது, விவசாய இலாகா அவர் கைக்கு வந்தது.