உங்களுக்குத் தெரியுமா? தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி எவ்வளவு தூரம்?

சுமார் 30 கிலோமீட்டர்தான். மாரிகாலத்தில் மன்னார் வங்காலைப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியவை. அந்தக் கணக்கில் முக்கால் மணி நேரத்துக்குள் அக்கரை.

ஒரு காலத்தில் மனிதருக்கும் இது பக்கத்து ஊர்தான். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் கடல் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் காத்திருக்கும் கோச்சியில் ஏறிக் கொழும்பு போய்ச் சேரலாம். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர்ச்சூழலில் 1984இல் நின்றுபோனது. தலைமன்னாருக்கு ரயில் 2015இல் திரும்பிவிட்டது. கப்பல்தான் இன்னும் வரவில்லை.

இன்று மன்னார்க்காரர் ஒருவர் இராமேஸ்வரம் போக வேண்டுமானால், முதலில் எதிர்த்திசையில் தெற்கே பல மணி நேரம் பயணித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைவது ஒரு வழி. அங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு இராமேஸ்வரத்துக்கு இன்னும் 170 கிலோமீட்டர் தரைவழி. 2019இல் பலாலியில் திறந்த யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் மன்னாருக்கு இன்னும் கிட்ட.

விமானமும் கப்பலும் இல்லாமல் இந்தக் கடலைக் கடந்தவரும் உண்டு. வல்வெட்டித்துறை வீரர் வி. எஸ். குமார் ஆனந்தன், 1971இல் இந்தியக் கரைக்கு நீந்திப்போய், நீந்தியே திரும்பிவந்தார். பிடித்த நேரம் 51 மணி.