பிரயாணப் பெட்டியில் வேட்டியும் பட்டும்

மகாசபைக்கோ கண்காட்சிக்கோ விருத்தாசலம் சந்திப்பில் இரயிலேறும் அங்கத்தினர் பலர், வீட்டில் தேய்த்து வைத்த வேட்டி எழும்பூரில் கசங்கி வெளிவரக் கண்டிருப்பர். காரணம் யாதெனில், ஈரமும் வெப்பமும் சேருங்கால் பருத்தி இழையின் நுண்ணிய பிணைப்புகள் தளர்ந்து, ஆறும்போது எந்நிலையில் உள்ளனவோ அந்நிலையிலேயே இறுகிவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டி மடிப்பை உண்டாக்குவதும் இவ்விதமே. ஆதலின், தேய்த்த சூடு ஆறுமுன் துணியைப் பெட்டியில் அடுக்குதல் தகாது.

நம்மூரில் பீங்கான் பொம்மைகளை வைக்கோலிட்டுக் கட்டுவோரைக் கவனியுங்கள். பொருள் அசைய அவர்கள் இடம் வைப்பதில்லை. துணிக்கும் அதுவே முறை. கனமானவை அடியிலும், சட்டை வேட்டிகள் மேலும் இருக்கட்டும். மடிப்பினுள் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் வளைவு கூர்மையாகாது. காலியிடத்தையும் துண்டினாலேயே நிரப்பலாம். ஊர் சேர்ந்தவுடன் கொடியில் தொங்கவிடுக. இலேசான சுருக்கம் தானே விடும்.

பட்டுச் சேலையே பெருங்கவலைக்குரியது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டிழை. ஒரே மடிப்பில் நெடுநாள் அழுந்தினால் அது முறியும். பருத்தியின் கசங்கலை இஸ்திரி போக்கும். இம்முறிவை எதுவும் போக்காது. ஒரு சங்கத்தின் சரக்கிருப்பைப் பார்வையிடுகையில், கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய சேலையொன்று மடிப்போரம் வெடித்திருக்கக் கண்டேன். அது குறைந்த விலைக்கே போயிற்று. நெய்தவர் பாவில் ஒரு குற்றமும் இல்லை!

சேலையை மல் துணியோடு குழலில் சுருட்டி எடுத்துச் செல்லுதல் நன்று. இயலாவிடின், சரிகை உட்புறம் அமைய மடித்து, திரும்பியதும் வேறு மடிப்பில் மாற்றி வைத்தல் வேண்டும். பாச்சை உருண்டை சரிகையில் படலாகாது.