டிவியை எடை போட்டால் போதாது

டீ ஆறுவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து கிலோ எடையுள்ள ஒரு டிவி. அதன் போர்டில் பழைய வகை சால்டர் ஒரு கிராம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் ஈயம். ஆக, ஈயம் 0.37 கிராம்; டிவியின் எடையில் 0.0037 சதவீதம். மின்னணுப் பொருட்களில் நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரோஸ்’ (RoHS) விதி ஈயத்துக்கு விட்டுவைத்திருப்பதோ 0.1 சதவீதம். அப்படியானால் தேறிவிடும் என்றுதானே தோன்றுகிறது? தேறாது.

விதி டிவியை எடை போடச் சொல்லவில்லை. கழற்றி, வெட்டி, சுரண்டி, அரைத்து, இதற்கு மேல் பிரிக்க முடியாது என்று நிற்கிற ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கணக்கெடுக்கச் சொல்கிறது. சால்டர் தனி, முலாம் தனி, வயரின் சிவப்பு உறை தனி. அப்படிப் பார்த்தால் அந்த சால்டரில் இருக்கும் ஈயம் வரம்பைப்போல 370 மடங்கு.

வயர் உறையைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2001இல் நெதர்லாந்தில் சுமார் 13 லட்சம் பிளேஸ்டேஷன் பெட்டிகள் தடுத்து நிறுத்தப்பட்டன. கேபிளில் அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலாகக் காட்மியம் இருந்ததுதான் காரணம். ரோஸ் நடைமுறைக்கு வந்தது அதற்குப் பிறகு, 2006 ஜூலை 1இல். ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், தீத்தடுப்புக்குச் சேர்க்கும் இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் ஆகியவற்றுக்கு 0.1 சதவீதம், காட்மியத்துக்கு மட்டும் 0.01. பிளாஸ்டிக்கை வளையவைக்கும் நான்கு தாலேட்டுகள் 2019இல் சேர்ந்தன. இந்தியாவின் மின்கழிவு விதிகளும் முதல் ஆறுக்கும் இதே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன.

பாகங்கள் இந்த வரம்புக்குள் இருக்கின்றன என்று சப்ளையர் தருகிற சான்றிதழ் வேண்டும்தான். அதோடு நின்றுவிடக் கூடாது. எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்து நீங்களே சோதித்தாலும் அது குரோமியம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தக் குரோமியம் என்று சொல்லாது. தாலேட் அதன் கண்ணில் படவே படாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? பழைய போர்டை அடுப்பில் வாட்டி சில்லு பிரிப்பவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். பக்கத்தில் விளையாடும் குழந்தையின் மூளையை ஈயம் பாதிக்கிறது. எனக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

எல்லாப் பாகமும் சுத்தமாக வந்த பிறகும் தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு: சரியில்லாத இணைப்புகளை மறுபடி சால்டர் செய்யும் ரீவொர்க் மேசை. பத்து மில்லிகிராம் ஈயமில்லா சால்டர் துளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்ன் முனையில் ஒட்டியிருந்த பழைய சால்டர் வெறும் 0.03 மில்லிகிராம் அதில் கலந்தாலே வரம்பு தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் ஈய வேலைக்குத் தனி அயர்ன், தனி முனை, தனி ஸ்பாஞ்ச், முடிந்தால் தனி மேசையே போட்டுவிடுங்கள்.