போகிப் புகையில் ஓடுபாதை தெரியுமா?

போகி விடியலில் சென்னையில் இறங்கும் விமானிக்கு ஒரே கவலைதான்: ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமா? 2018 ஜனவரி 13, போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடியதில் பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

உதாரணமாக, சிங்கப்பூரிலிருந்து வருவதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கும்போது நிலைமை எப்படி இருக்கும் என்பதை நள்ளிரவிலேயே கணித்தாக வேண்டும். அதற்கு 'டாஃப்' என்ற முன்னறிவிப்பு உண்டு. நடுவானில் கைகொடுப்பது அரைமணிக்கொரு முறை வரும் 'மெட்டார்' அறிக்கை. அடுத்த இரண்டு மணி நேரப் போக்கையும் அதன் கடைசியில் சேர்த்திருப்பார்கள். (நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், நம் காலை 5 மணி அதில் முந்தைய நாளின் 2330.)

மெட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலையும் பனிநிலையும். பனிநிலை என்பது, காற்றிலுள்ள ஈரம் துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை. இரவு 1 மணிக்கு 24/21, 3 மணிக்கு 22/21, 4 மணிக்கு 21/21 என இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறதா? காற்று 00000 என்று அசையாமல் கிடக்கிறதா? வானத்தில் மேகமே இல்லையா? அப்படியானால் மூடுபனியை எதிர்பார்க்கலாம். மேகம் இருந்தால் தரையின் சூடு அவ்வளவு எளிதில் வெளியேறாது. காற்று ஓரளவு வலுத்தால் மேலிருக்கும் உலர்ந்த காற்று கீழே கலந்துவிடும். ஒற்றை மெட்டாரை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. நான்கைந்தை வரிசையாகப் படித்தால்தான் போக்கு பிடிபடும்.

போகியன்று இந்தக் கணக்கும் மாறுகிறது. எரியும் பாயும் டயரும் கிளப்பும் நுண்துகள்கள் ஒவ்வொன்றிலும் ஈரம் ஒட்டிக்கொள்வதால், காற்று முழுதாக ஈரமேறும் முன்பே பார்வை மங்கிவிடும். ஊர் எத்தனை மணிக்குத் தீ மூட்டும் என்பது கணினி மாதிரிகளுக்குத் தெரியாது. மீனம்பாக்கத்து வானிலையாளருக்குத் தெரியும். அந்த ஒரு நாளில் அவர் சொல்வதையே நான் பெரிதும் நம்புவேன்.

வெயில் வந்தால் பனி விலகிவிடும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. இளவெயில் புல்லிலுள்ள பனித்துளிகளை ஆவியாக்கி ஈரத்தைக் கூட்டுகிறது, தரையொட்டிய காற்றையும் லேசாகக் கிளறுகிறது. அதனால் விடிந்த கையோடு பனி இன்னும் அடர்ந்துவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் வட்டமடித்துக் காத்திருந்தால் எரிபொருள்தான் கரையும்.

கடைசி வார்த்தை ஓடுபாதையோரக் கருவியுடையது. பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' அத்தகையது: ஒளிக்கற்றையை அனுப்பி, அது எவ்வளவு மங்குகிறது என்று அளக்கும். சாதாரண கேட்-1 இறங்குமுறைக்கு 550 மீட்டராவது தெரிய வேண்டும்.

மாற்று நிலையமாகப் பெங்களூரைக் குறித்துக்கொள்பவர்கள் அவ்வூர் விமான நிலையமான தேவனஹள்ளியின் மெட்டாரையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். ஜனவரி விடியலில் அங்கும் மூடுபனி சகஜம். இரண்டு ஊரிலும் இடைவெளி சுருங்கி வந்தால், திருச்சிக்கோ ஹைதராபாத்துக்கோ போகப் போதுமான எரிபொருளைச் சிங்கப்பூரிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.