கேன்சர் செல்லின் ‘ஸ்விட்சை’ ஒரு சின்ன மூலக்கூறு அணைக்க முடியுமா?

கீமோதெரபி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முடி கொட்டுவது, வாந்தி, அசதி. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் கேன்சர் செல்லைக் கொல்கின்றன. வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் சேர்ந்தே அடி வாங்குகின்றன.

சரி, டிஎன்ஏவை உடைக்காமல், கட்டி வளரத் தேவையான மரபணுவை மட்டும் அணைக்க முடியாதா?

எப்படி அணைப்பது?

ஒரு மரபணு வேலை செய்ய, அதன் அருகே டிஎன்ஏவில் ஒரு புரதம் வந்து உட்கார வேண்டும். அந்த இடத்தை ஒரு சின்ன மூலக்கூறு முன்னாடியே பிடித்துக்கொண்டால்? பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

அமெரிக்காவின் கால்டெக்கில் பீட்டர் டெர்வன் குழு இதற்காக உருவாக்கியவைதான் பாலிஅமைடுகள். இவை டிஎன்ஏவின் குறுகிய பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பைரோல், இமிடசோல் துண்டுகளைக் கோக்கும் வரிசையை மாற்றினால், ஒட்டும் இடமும் மாறும்.

2013-ல் வெளியான ஆய்வில், மனித புராஸ்டேட் கேன்சர் செல்கள் பொருத்தப்பட்ட எலிகளில் இப்படி ஒரு பாலிஅமைடு கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. டிஎன்ஏ சேதமும் தென்படவில்லை. ஆனால் அது ஒரே ஒரு மரபணுவை அணைக்கவில்லை. மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற பொது இயந்திரத்தையே தடுத்தது.

சிக்கல் எங்கே?

முகவரியில். டிஎன்ஏவில் 4 எழுத்துகள். 6 எழுத்து முகவரி என்றால் 4,096 விதங்கள்தான். நம் மரபணுத் தொகுப்பிலோ சுமார் 300 கோடி எழுத்துகள். கணக்குப் போட்டால், அதே முகவரி ஏறக்குறைய 7 லட்சம் இடங்களில் வரும்! ஒரே இடத்தைக் குறிக்க 16 எழுத்தாவது வேண்டும். மூலக்கூறு அவ்வளவு நீளமானால், செல்லுக்குள் நுழைவதே கஷ்டம்.

மருந்தாக எதுவும் வந்திருக்கிறதா?

ஓரளவு. கடல்வாழ் சிற்றுயிரி ஒன்றிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட டிராபெக்டெடின், 2015-ல் அமெரிக்காவில் இரண்டு வகை மென்திசுக் கேன்சர்களுக்கு அனுமதி பெற்றது. அதுவும் டிஎன்ஏவின் குறுகிய பள்ளத்தில்தான் ஒட்டுகிறது. மிக்ஸாய்டு லைப்போசார்கோமாவில், நோயை இயக்கும் பிறழ்ந்த புரதத்தை அது உட்கார்ந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுகிறது. ஆனால் டிஎன்ஏவையும் சேதப்படுத்துகிறது. வெள்ளையணுக் குறைவு, கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

ஆகவே, ‘கேன்சர் மரபணுவை அணைக்கும் மாத்திரை’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். சோதித்தது எலியிலா, மனிதரிலா? வேறு எத்தனை மரபணுக்களைத் தொட்டது? பதில் தெரியும்வரை, வீட்டில் யாருக்காவது நடக்கும் சிகிச்சையை அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.