ஓடி முடித்ததும் அழுகை ஏன்?

2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்த மாணவி ஒருத்தி திடலோரம் அமர்ந்து தேம்பி அழுதாள். அடிபடவில்லை, முந்தைய முறையைவிட விரைவாகவே ஓடியிருந்தாள். “ஏன் அழுறேன்னு எனக்கே தெரியல, டீச்சர்,” என்றாள்.

வேகமாக ஓடும்போது நம் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. பயத்திலும் பதற்றத்திலும் உடல் இதையேதான் செய்கிறது. ஓட்டம் நின்றதும் எதிர்ப்பரிவு நரம்புகள் உடலை அமைதிப்படுத்தத் தொடங்குகின்றன. கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுபவையும் முக்கியமாக இவையே. அதுவரை அடக்கி வைத்திருந்த கவலை அந்நேரத்தில் கண்ணீராக வெளிப்படலாம்.

சிலருக்கு நேர்மாறாக மகிழ்ச்சி பொங்கும். அதற்கு எண்டோர்பினே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால், இரத்தத்தில் உள்ள எண்டோர்பின் மூளைக்குள் எளிதில் நுழையாது. ஓடும்போது இரத்தத்தில் கூடும் வேறொரு பொருள் எளிதில் நுழையும். இந்த மகிழ்ச்சிக்கு அதுவும் காரணம் எனக் கருதப்படுகிறது. 1992இல் கண்டறியப்பட்ட அதன் பெயர் ஆனந்தமைடு. ஆம், நாம் அறிந்த ‘ஆனந்தம்’தான்!

மாணவர்களே, ஓடிய பின் அழுவது கோழைத்தனமன்று. அழும் நண்பரைக் கேலி செய்யாமல், தண்ணீர் கொடுத்து உடன் மெதுவாக நடங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ இருந்தால் உடனே ஆசிரியரை அழையுங்கள்.